டிரில் டீச்சரும் இரண்டு சக்களத்திகளும்

எங்கள் டிரில் டீச்சர் ஓடி நான் பார்த்ததே இல்லை. செஞ்சியில் ஐந்து வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அதில் நாலரை வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அவள் ஓடினாள், குதித்தாள், கையைக் காலை வீசினாள் என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்கள். காலையில் பிரேயர் மணி அடித்ததும் பியூன் ஒரு கைவைத்த மர நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார். பின்னால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இவள் நடப்பாள், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி எடுத்துப்போகிற நிதானத்தில். புங்க மரத்தடியில் நாற்காலி. நாற்காலியில் டிரில் டீச்சர். அப்புறம் ஒரு நீள விசில்.

நான் கணக்கு டீச்சர். அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்த மகராசி என்று வயிறெரிந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. போய்க் கேட்டே விட்டேன்.

“ஏங்க, டிரில்னா நீங்களும் கூட ஓடணும் இல்லையா?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நான் ஓடிக்கினுதான் இருக்கறேன். உனுக்குத் தெரியல. கையக் குடு” என்று என் விரல்களைப் பிடித்து இழுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள்.

என் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று வருவதற்குள் நூற்றுப் பதினெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். நூற்று இருபத்தொன்று. அந்த இரண்டு நிமிஷமும் அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, நாலாவது வரிசையில் ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருத்தியைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா? உக்காந்த எடத்துலயே ஓடறேன். இதுங்க அரை மணி ஓடிட்டு நின்னுடும். நான் எப்ப நிக்கறது, சொல்லு?”

அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த தனிப் பெண்ணுக்கு யாரும் லேசில் வீடு கொடுக்க மாட்டார்கள். அவள் ஒரு ஜைனக் குடும்பத்தின் வீட்டில், பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தாள். என்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் எனக்கு அவள் அக்கா ஆகிவிட்டாள். அந்த உரிமையில்தான் இங்கேயும் அவள், இவள் என்று எழுதுகிறேன். என்னை அவள் கடைசிவரை ‘கணக்கு’ என்றுதான் கூப்பிட்டாள்.

வீட்டுக்கார அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் பூச்சி பொட்டு விழுந்து சாகும், அந்தப் பாவம் வீட்டுக்கு வரும். அக்காவுக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். “ஆறு மணிக்கே சாப்ட்டுட்டுக் கட்டைய நீட்டிடலாம். படுத்தாதான் எளையவ கொஞ்சம் அடங்குவா” என்றாள்.

“யாருக்கா எளையவ?”

அப்போதுதான் அவளுடைய குடும்ப விவரம் எனக்குத் தெரிந்தது. உடம்பு வலி மூத்தவள். பதினாறு வயதில் வந்தாள். இடுப்பில் குடிவந்து, முட்டி, தோள், விரல் என்று வீடு முழுக்கப் பாயை விரித்தாள். நெஞ்சின் ஓட்டம் இளையவள். நாலு வருஷம் கழித்து வந்தாள். இருவருக்கும் ஒத்துப்போகாது, ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி இருக்கவும் மாட்டாள்.

“மூத்தவ கத்தினா எளையவ ஓடறா. எளையவ ஓடினா ஒடம்பு அசந்து போவுது. அசந்தா மறுபடி மூத்தவ கத்தறா. நடுவுல மாட்டிக்கினு முழிக்கிற புருசன் நானு. ஒருத்திக்குப் பூ வாங்கினா இன்னொருத்திக்கும் வாங்கணும்.”

மூத்தவளுக்கு அவள் வாங்கிய பூ, துணியில் முடிந்து சட்டியில் சூடுகாட்டிய உப்பு ஒத்தடம். இளையவளுக்கு, உப்பு அள்ளிப் போட்ட மோர். காலையில் எழுந்ததும் “இன்னிக்கு யார் ஆட்சி?” என்று கேட்பேன். “மூத்தவ” என்றால் நான் அவளுக்குக் கொசுவம் வைத்துச் சேலை கட்டிவிட வேண்டும், தலை பின்னிவிட வேண்டும். “எளையவ” என்றால் அவள் கண்ணில் நாற்காலி பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். “ரெண்டு பேரும் கூட்டணி” என்று சொல்லும் நாட்களில் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவாள். நான் பார்த்த ஐந்து வருஷத்தில் அவள் லீவு போட்டது மொத்தம் ஒன்பது நாள். நான் போட்டதைச் சொல்ல மாட்டேன்.

அவளை டிரில் வேலைக்குக் கொண்டுவந்ததே இந்த உடம்புதான். சின்ன வயதில் கட்டைவிரலை மடக்கி முன்னங்கையில் ஒட்டவைப்பாளாம். காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சோறு தின்பாளாம். டிரில் டிரெயினிங்கில் இவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர் வைத்து, விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் முன்னால் வளைந்து காட்டச் சொன்னார்கள். “வந்தவங்க கை தட்டிட்டு மாலைய எடுத்துக்கினு பூட்டாங்க. வளைஞ்சதுதான் திரும்பி நேராவல” என்பாள். தோள்மூட்டு நினைத்தபோது கழன்றுகொள்ளும். கிணற்றில் ஒரு வாளி சேந்தினால் போதும். கதவு நிலையில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு. டக்கென்று உள்ளே போய்விடும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா பதறி ஓடிவந்தார்.

“ஒண்ணுமில்லம்மா, தோளுதான். நெலை நல்லாதான் இருக்குது” என்றாள் அக்கா. அந்த அம்மா நிலையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

ஊரில் யாரும் இளையவளை நோய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பயம் என்றுதான் சொன்னார்கள். கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்ப்பார்கள், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு “பயப்படாதம்மா” என்பார்கள். டாக்டரும் அதையே சொன்னார், தபால்காரரும் அதையே சொன்னார். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஆகவே ஆகாது.

“எனுக்கு இன்னாடி பயம்? நான் சும்மாதான் இருக்கறேன். அந்த சேதி நெஞ்சுக்குப் போய்ச் சேரல, அவ்ளோதான்.”

ஆனால் அவளுக்கு வேலை கிடைத்ததே அந்த வார்த்தையால்தான். வேலைக்குச் சேரும்போது உடல்தகுதிச் சான்று கொடுத்த டாக்டர் நாடியை எண்ணிப் பார்த்துவிட்டு, சின்னப் பெண், ஆஸ்பத்திரியைப் பார்த்து மிரண்டுபோயிருக்கிறாள் என்று முடிவுகட்டி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். “அவரு தப்பாப் புரிஞ்சிக்கினதால பொழச்சேன். சரியாப் புரிஞ்சிருந்தா எங்கண்ணன் வூட்டு மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளிக்கினு இருப்பேன்” என்பாள். அண்ணன் வீடு அவலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. கொட்டகையை ஒட்டி ஒரு கட்டிலை இவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவள் அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கட்டிலைத்தான் முதலில் காட்டுவார்களாம்.

கல்யாணமும் ஆனது. எட்டு மாதம். புருஷன், இவள் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்றானாம். சுவர்க் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிற மாதிரி இருக்கிறது என்றானாம். “கடியாரத்தத் தூக்கி வெளிய வெச்சுட்டு வேற ஒருத்தியக் கட்டிக்கினான். அவளுக்குக் கொறட்டையாம்” என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்துவைத்திருந்த உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று சங்கடப்படுவேன். அவளிடம் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பயத்தைப் போக்க அண்ணன் அவளை ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் அழைத்துப்போனார். நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. நின்றால்தான் இளையவளுக்குக் கொண்டாட்டம். கோயில் வாசலில் இறங்கும்போது அக்காவின் கழுத்து நரம்பு தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி துடித்தது. வேப்பிலையோடு பேயோட்டிக்கொண்டு நின்ற ஒரு பூசாரி அதைப் பார்த்துவிட்டார்.

“யாரு நீ? எங்கேருந்து வந்திருக்கற? சொல்லு!” என்று அதட்டினார்.

“செஞ்சிலேருந்து. பஸ்ல. நின்னுக்கினே வந்தேன்” என்றாள் அக்கா.

“உனுக்கு இன்னா வேணும்?”

“உக்கார எடம். கொஞ்சம் உப்பு போட்டு மோரு.”

பூசாரி இதுவரை எந்தப் பேயும் இவ்வளவு மலிவாகக் கேட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தன் மணைப்பலகையையே எடுத்துப் போட்டுவிட்டார். மோரும் எங்கிருந்தோ வந்தது. அவள் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடியதும், பக்கத்தில் நின்ற பெண்கள் ஆத்தாளே இறங்கிவிட்டாள் என்று காலில் விழ ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “மருமவளுக்கு வயிறாரச் சோறு போடு, எல்லாம் சரியாப்பூடும்” என்று வரிசையாக ஏழு பேருக்கு வாக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அண்ணன் ஊர் திரும்பும்வரை அவளோடு பேசவில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் ஒருவரும் உண்டு. படபடப்புக்கு உப்பு ஆகாது என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டாள். எட்டாம் நாள் பிரேயரில் எல்லோரும் நிற்கும்போது வாழைமரம் சாய்கிற மாதிரி சாய்ந்தாள். தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்காரவைத்தோம். தலைமை ஆசிரியை அவளைத் தனியே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, “முழுகாம இருக்கியா?” என்று கேட்டார். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

“ஆமா டீச்சர். அஞ்சாறு வருஷமா. பொறக்கவே மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்று மத்தியானம் இரண்டு செம்பு உப்பு மோர் குடித்தாள். அதற்குப் பிறகு எந்த டாக்டர் பேச்சையும் கேட்கவில்லை.

எனக்கு அங்கேதான் ஒரு சபலம் தட்டியது. எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்தால் நான் விடமாட்டேன். உப்பு மோர் குடித்த பிறகு எவ்வளவு, குடிக்காவிட்டால் எவ்வளவு, படுத்தால், உட்கார்ந்தால், நின்றால் எவ்வளவு என்று ஒரு கிராஃப் நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். நீல மையில் நெஞ்சு, சிவப்பு மையில் வலி. வலிக்கு அவளே பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். “இன்னிக்கு மூத்தவளுக்கு ஏழு போடு. எட்டு போட்டா தலைக்கனம் வந்துடும்.” பதினாலு மாதம் விடாமல் குறித்தேன். இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்கும். அவள் சொன்ன சக்களத்திக் கதை அப்படியே படமாக விழுந்திருந்தது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அவள் உட்கார்ந்து டிரில் நடத்திய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் யாரோ மொட்டை மனுவில் எழுதியதுதான் உண்மை என்று ஆகிவிடும். முந்நூறு பெண்களையும் எட்டு வரிசையாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு தலைவியை வைத்திருந்தாள். விசிலிலேயே ஒரு பாஷை. நீளம் ஒன்று என்றால் நில். குட்டை இரண்டு என்றால் வலது. இழுத்து விட்டால் உட்கார். வாயைத் திறந்து ஒரு கட்டளையும் கிடையாது. வாய் திட்டுவதற்கு மட்டும். ராஜகிரி மலைக்கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனால் அவள் அடிவாரத்தில் புளியோதரைச் சட்டிகளுக்குக் காவல். கீழேயிருந்து அவள் ஊதுகிற விசில், பாதி மலையில் பாறை ஓரம் போகிற பெண்ணைத் திருப்பிக் கொண்டுவரும்.

“ராஜா மேல ஏறி உக்காந்துட்டான், சரி. அவனுக்கு தெனம் தண்ணி தூக்கிக்கினு ஏறினாளே ஒருத்தி, அவ முட்டிக்கு யாரு தைலம் தடவினா?” என்பாள். மலைமேல் என்ன இருக்கிறது என்று கடைசிவரை அவள் என்னிடம் கேட்டதில்லை.

அவள் வேலை தற்காலிகம். வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். நிரந்தரம் செய்கிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்த வருஷம்தான் மொட்டை மனு போனது. ‘செஞ்சியில் டிரில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார், விசாரிக்கவும்’ என்று பெயர் போடாமல் யாரோ எழுதியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா நேரில் வரப்போவதாகத் தகவல் வந்தது. வேலை போனால் அண்ணன் வீட்டுக் கட்டில்தான்.

அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. “வரட்டும். உக்காந்துதான் வாங்கறேன். படுத்துக்கினா வாங்கறேன்?” என்றாள்.

எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவள் அந்த அம்மாவிடமும் இப்படித்தான் வாயைக் கொடுப்பாள், வேலை போய்விடும், நாம் முந்திக்கொண்டு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவளிடம் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் இருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனேன். ஜில்லாவில் இருக்கும் பெரிய அதிகாரிக்கு ஒரு கருணை மனு எழுத வேண்டும் என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். “கருணை மனுன்னா கண்ணுல தண்ணி வரணும் டீச்சர். அப்பதான் ஆபீசரு கையெழுத்துப் போடுவாரு. இன்னா நோவு?”

“உடம்பு வலி. பதினஞ்சு வருஷமா.”

“பத்தாதே. வேற?”

“நெஞ்சு வேகமா அடிக்கும். நூத்தி இருபது.”

“அப்படிச் சொல்லுங்க. மயக்கம் கியக்கம்?”

“ஒரு தடவை விழுந்தாங்க.”

“‘அடிக்கடி’ன்னு போடறேன். புருசன்?”

“விட்டுட்டான்.”

அவர் முகம் மலர்ந்தது. “இது முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்று சரசரவென்று எழுதினார். குற்றுயிரும் குலையுயிருமாக, நாதியற்ற அபலையாக, ஒவ்வொரு நாளும் எமனோடு போராடிக்கொண்டு குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்துவரும் இவளைத் தாங்கள் கைவிட்டால், என்று போனது அந்த மனு. கேட்கக் கேட்க எனக்கே அழுகை வந்தது. கீழே என் பெயரைப் போட்டு, வேலையையும் போட்டு, கையெழுத்திட்டேன். ஆதாரம் இருந்தால் நல்லது என்று என் கணக்கு மூளை சொன்னது. பதினாலு மாத கிராஃப் தாள்களையும் கிழித்துப் பின்னால் வைத்துத் தைத்தேன்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். அக்கா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து நீள விசில் ஒன்று கொடுத்தாள். முந்நூறு பெண்களும் அன்று அப்படிச் செய்தார்கள், கால் மண்ணில் படுகிற சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. இன்ஸ்பெக்டர் அம்மா முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“நீங்க ஏம்மா நிக்கறதில்ல?”

“நான் நின்னா அதுங்க என்னப் பாக்கும். உக்காந்தா வேலையப் பாக்கும்மா.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாற்காலிய மட்டும் ரோட்டுல போறவங்க கண்ணுல படாம மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக்குங்க” என்று சொல்லி, திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். என் கண் எதிரில் எழுதினார். பிரச்சினை அங்கேயே முடிந்துபோயிருந்தது. நான் அனுப்பிய மனு அந்நேரம் தபாலில் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. டிரில் டீச்சர் கடுமையான நோயாளி என்று தெரியவருவதால், நிரந்தரம் செய்யுமுன் மெடிக்கல் போர்டு முன்னால் ஆஜராக வேண்டும். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். “யாரு சொன்னா?” என்று பொதுவாகக் கேட்டாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

கடலூருக்கு அவளோடு நானும் போனேன். மூன்று டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பாதிக் கதவுதான். பேசியது எல்லாம் கேட்டது. வயதான டாக்டர் ஒருவர் என் மனுவை எடுத்து உரக்கவே படித்தார். குற்றுயிரும் குலையுயிருமாக என்ற இடம் வந்ததும் நிறுத்தி, “இது நீங்கதானாம்மா?” என்று கேட்டார். கீழே இருந்த என் பெயரையும் படித்தார்.

அப்புறம் அக்காவின் குரல் கேட்டது.

“அது கணக்கு டீச்சர் எழுதினது சார். அதுக்குத் தமிழ் சரியா வராது.”

ஒரு டாக்டர் சிரித்தார். நாடியை எண்ணினார்கள். நூற்று இருபத்து நாலு. எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். நூற்று நாற்பது. நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

“ஏம்மா இப்படி ஓடுது?”

“பயம் சார்” என்றாள் அக்கா.

நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. குரலைக்கூட மாற்றிக்கொண்டிருந்தாள், மிரண்டுபோன சின்னப் பெண்ணின் குரலாக.

“எனக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம் சார். உங்களையெல்லாம் பாத்ததும் பயந்துட்டேன். வெளிய போனா சரியாப்பூடும். பயந்தான் சார், வேற ஒண்ணுமில்ல.”

தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. நீல மை, சிவப்பு மை. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, குரலில் வருத்தம்கூட இருந்தது.

“பதினாலு மாசமாவா பயம்?”

அவளிடம் பதில் இல்லாமல் போனதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விழுப்புரத்தில் பஸ் மாறும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், என்னை மன்னித்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அந்த மொட்ட மனு எழுதினவன் மேல எனுக்குக் கோவமே இல்லடி கணக்கு. அவன் சோம்பேறின்னான். சோம்பேறியத் திட்டலாம், தண்டிக்கலாம், வேலை வாங்கலாம். நீ நல்லவ. நீதான் என்ன நோயாளி ஆக்கிட்ட.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விசிலில் கட்டளை கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

‘டிரில் ஆசிரியை வேலைக்குத் தகுதியில்லை’ என்று உத்தரவு வந்தது. அண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டிருப்பதாகச் சொன்னார். “நீ முன்னால போ, நான் வர்றேன்” என்று அவரைச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது அறையில் அவள் பெட்டி இல்லை. அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறவில்லை, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். பொழுதோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம். எனக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை. கையெழுத்து அவளுடையது.

“கணக்கு, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தனியார் பள்ளிக்கூடம். டிரில்தான். சான்று கொடுத்த டாக்டர் ரொம்ப நல்லவர், பயப்படாதே அம்மா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வந்துவிடாதே.”

தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்திருந்தது. செஞ்சியிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். நான் போகவில்லை.